தடுப்புக் களிம்பு

தோலின் மேல் நீர்புகாத மெல்லிய படலமாகப் படிந்து, ஈரம், உராய்வு, சிறுநீர், மலம், சோப்புத் தண்ணீர் ஆகியவை தோலைத் தொடாமல் காக்கும் பூச்சு, தடுப்புக் களிம்பு எனப்படுகிறது. கைக்குழந்தையின் டயாபர் புண், படுத்த படுக்கையாக இருக்கும் முதியோரின் பிட்டப் பகுதியில் தோன்றும் சிவப்பு, நெடுந்தூரம் நடப்பவரின் தொடையிடுக்கு உராய்வு, ஓயாமல் தண்ணீரில் வேலை செய்யும் கைகளின் வெடிப்பு ஆகியவற்றுக்கு இது பயன்படுகிறது. எளிய தடுப்புக் களிம்பில் கிருமியைக் கொல்லும் மருந்தோ, அழற்சியை அடக்கும் மருந்தோ இல்லை. சிறு எரிச்சலைத் தோல் தானே ஆற்றிக்கொள்ளும்; ஆறும்வரை மறுபடி தொந்தரவு அண்டாமல் பார்த்துக்கொள்வதே களிம்பின் வேலை. இதைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது பற்றிய விதிகளில் பெரும்பாலானவை ஒரே செய்தியிலிருந்து பிறக்கின்றன: வெளியே இருப்பதை உள்ளே விடாத படலம், உள்ளே இருப்பதையும் வெளியே விடாது.

தோலின் வெளியடுக்கு உடலின் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் கனமே கொண்டது. தட்டையான இறந்த செல்களும், அவற்றின் இடையே நிரம்பியிருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவையும் சேர்ந்ததே இவ்வடுக்கு. இதன் மேற்பரப்பு இலேசான அமிலத்தன்மை உடையது. டயாபருக்குள் நடப்பது இந்த அமைப்பின் மீதான பலமுனைத் தாக்குதல். முதலில் ஈரத்தில் ஊறித் தோல் மென்மையாகிறது. மலத்தில் உள்ள பாக்டீரியாக்கள் சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்க, தோலின் அமிலத்தன்மை குறைகிறது. அப்போது மலத்திலுள்ள புரதத்தையும் கொழுப்பையும் செரிக்கும் நொதிகள் வீரியம் பெற்றுத் தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஒரே இரவில் புண் வந்துவிடுவது இதனால்தான். சிறுநீரும் மலமும் அடக்க முடியாத முதியவர்களின் தோலுக்கும் இதே கதிதான் நேர்கிறது. குழந்தையின் புண்ணுக்குக் கிடைக்கும் கவனம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

சேர்மானங்கள்

மிகப் பரவலானது பெட்ரோலியம் ஜெல்லி. 1859-இல் அமெரிக்க வேதியியலர் ராபர்ட் செசப்ரோ பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் எண்ணெய் வயலுக்குச் சென்றபோது, துளையிடும் கம்பிகளில் படிந்த மெழுகுப் பிசினைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் தடவுவதைக் கண்டார். அதைச் சுத்திகரிக்கும் முறைக்கு 1872-இல் காப்புரிமை பெற்று, வாசலைன் என்ற பெயரில் விற்றார். நன்கு சுத்திகரித்த வெள்ளை ஜெல்லி, தோல் வழியே ஆவியாகும் நீரை மற்ற எண்ணெய்ப் பூச்சுகளைவிட மிகுதியாகத் தடுக்கிறது. வாசனையோ நிறமோ சேர்க்காத வகையில் ஒவ்வாமையும் மிக அரிது. வண்டிக்குப் போடும் கிரீஸ் இதற்கு மாற்றாகாது. சுத்திகரிக்காத பெட்ரோலியக் கழிவில் புற்றுநோய் உண்டாக்கும் சேர்மங்கள் இருக்கக்கூடும்.

அடுத்தது துத்தநாக ஆக்சைடு, அதாவது ஜிங்க் ஆக்சைடு. இந்த வெண்பொடியை எண்ணெயிலோ ஜெல்லியிலோ குழைத்தால் எளிதில் கழுவப்படாத பசை கிடைக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் தோல்காப்புப் பொருள் விதிகளில் இது 1 முதல் 25 சதவீதம் வரை இடம்பெறுகிறது; டயாபர் பசைகள் சிலவற்றில் 40 சதவீதமும் உண்டு. ஜெர்மானியத் தோல் மருத்துவர் ஆஸ்கர் லசார் பெயரால் வழங்கும் பசையில் துத்தநாக ஆக்சைடும் மாவுப்பொருளும் கால் பங்கு வீதமும், ஜெல்லி அரைப் பங்கும் சேரும். டைமெத்திகோன் என்ற சிலிக்கோன், பிசுபிசுப்பு வேண்டாதவர்களுக்கு ஏற்றது. ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் லானோலின் சிலருக்கு ஒவ்வாது. பிரிட்டிஷ் மருந்து நூல் முறைப்படி செய்யும் துத்தநாக–விளக்கெண்ணெய்க் களிம்பில் கடலை எண்ணெய் சேர்வதால், வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைப் பூசக் கூடாது. உறையில் அச்சிட்ட பட்டியலைப் படித்துவிட்டு வாங்குவது இதற்காகத்தான்.

பூசும் முறை

அழுக்கின் மேல் பூசினால் களிம்பு அழுக்கையே பூட்டி வைக்கும். ஆகவே வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி, சில நிமிடம் காற்றாட விட்ட பிறகே பூச வேண்டும். டயாபர் பகுதிக்குத் துத்தநாகப் பசையைத் தாராளமாக, கீழுள்ள தோல் தெரியாத அளவுக்கு அப்பலாம். தொடை உராய்வுக்கு மெல்லிய பூச்சே போதும். அடுத்த முறை துணி மாற்றும்போது பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுப்பது பரவலாக நடக்கும் தவறு. புதிதாக முளைக்கும் செல்கள் அதோடு உரிந்து வந்துவிடும். அழுக்கான மேல்படலத்தை மட்டும் எண்ணெயில் நனைத்த பஞ்சால் துடைத்து, அதன் மேலேயே புதிதாகப் பூசலாம். அடிக்கடி மாற்றாத டயாபரை எந்தக் களிம்பும் ஈடுசெய்யாது.

வறட்சிக்கும் வெடிப்புக்கும் பூசும்போது மட்டும் முறை வேறு. அங்கே தோலில் ஈரம் தங்க வேண்டும் என்பதால், குளித்த ஈரம் முற்றிலும் காயுமுன் பூசுவதே பலன் தரும். டப்பாவில் ஈரக் கையை விட்டால் கிருமி புகும், டியூப் நல்லது.

பூசக் கூடாத இடங்கள்

நம் ஊர் வெயிலில் அதிகம் தவறாகப் பூசப்படுவது வேர்க்குருவுக்கு. வியர்வைக் குழாய்கள் அடைபட்டதால் வந்த கொப்புளத்தை மேலும் அடைத்தால் அது பெருகத்தான் செய்யும்; காற்றும் குளிர்ச்சியுமே அதற்கு மருந்து. படர்தாமரையும் கால்விரல் இடுக்கின் சேற்றுப்புண்ணும் பெரும்பாலும் பூஞ்சையால் வருபவை. படலத்தின் கீழ் நிற்கும் ஈரம் பூஞ்சைக்குத்தான் வசதி. டயாபர் புண்ணிலும் இந்த வேறுபாட்டைப் பார்க்க வேண்டும். சாதாரண எரிச்சல், துணி உரசும் மேடான இடங்களில் தோன்றி, மடிப்புகளை விட்டுவிடும். மடிப்புகளுக்குள் அடர்சிவப்பாகப் படர்ந்து, சுற்றிலும் சிறு சிறு புள்ளிகள் தெரிந்தால் கேண்டிடா பூஞ்சை என்று ஐயப்பட வேண்டும். அதற்குத் தனி மருந்து உண்டு. ஆழமான காயம், ஆணி குத்திய புண், விலங்குக் கடி, சீழ் வைத்த இடம் ஆகியவற்றின் மீதும் பூசக் கூடாது. தீப்பட்ட உடனே பூசினால் வெப்பம் உள்ளேயே தங்கும். ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதே முதல் வேலை. இரண்டு மூன்று நாளில் தணியாத குழந்தைப் புண், காய்ச்சல், கொப்புளம், இரத்தக் கசிவு ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கடையில் கேட்டு வாங்கும் ‘எல்லாத்துக்கும் ஒரே கிரீம்’ பெரும்பாலும் ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, நுண்ணுயிர்க்கொல்லி மூன்றும் கலந்தது. இது தடுப்புக் களிம்பு அல்ல. டயாபர் மூடிய தோலில் ஸ்டீராய்டு கூடுதலாக உறிஞ்சப்பட்டு, தோல் மெலிந்துபோகும். தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை இந்திய அரசு 2018-இல் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத அட்டவணை எச்-இல் சேர்த்தது. போரிக் பவுடரைக் குழந்தைப் புண்ணில் தூவும் பழக்கம் இன்னும் கொடியது. புண்பட்ட தோல் வழியே அது இரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். டால்கம் பவுடர் மூச்சில் போகும் என்பதால் அதையும் தவிர்க்க வேண்டும்.

பெட்ரோலியம் ஜெல்லியை மூக்கினுள் நெடுநாள் தடவி வந்தால், துளித்துளியாக நுரையீரலுக்கு இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கலாம். இயற்கை ரப்பரால் ஆன கையுறையையும் ஆணுறையையும் அது நலிவாக்கும். களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பற்றி வேகமாக எரியும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. நாள்தோறும் களிம்பு பூசப்படும் முதியவரின் கட்டிலருகே பீடி, அகல் விளக்கு, கொசுவர்த்தி எதுவும் இருக்கக் கூடாது. அந்தப் படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்தாலும் களிம்பு முழுவதுமாகப் போய்விடுவதில்லை.