தவறும் மனிதர், தாங்கும் அருள்

பேதுரு ஆண்டவரை மறுதலித்தார், யூதாசு காட்டிக்கொடுத்தார். இருவருமே மனம் வருந்தினர். ஆனால் பேதுரு இயேசுவின் பார்வையைச் சந்தித்து அழுதார். யூதாசோ தம் குற்றத்தோடு தனித்துப் போனார். தவறுக்குப்பின் நாம் யாரை நோக்கித் திரும்புகிறோம் என்பதே கேள்வி.

மத்தியப் பிரதேசத்தில் ஏழை எளியோருக்காக உழைத்த அருட்சகோதரி இராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தின்போது குத்திக் கொல்லப்பட்டார். கொலைசெய்த சமந்தர் சிங் சிறையில் இருந்தபோது, 2002இல் இராணி மரியாவின் தங்கை அருட்சகோதரி செல்மி பவுல் அவரைத் தேடிச் சென்றார். கையில் இராக்கி கட்டி, உடன்பிறந்தவராக ஏற்றார். 2006இல் விடுதலையான சமந்தர் சிங், தாம் கொன்றவரின் கல்லறைக்குச் சென்று வணங்கினார். 2017 நவம்பர் 4 அன்று இராணி மரியா இந்தூரில் அருளாளராக உயர்த்தப்பட்டார்.

மன்னிப்பு கொலையைக் கொலை இல்லை என்று ஆக்கவில்லை, தண்டனையையும் மறுக்கவில்லை. கொலை செய்தவரும் மனிதரே என்பதை மறக்கவில்லை, அவ்வளவே. இறையருளும் அப்படித்தான். நாம் தகுதி பெறும்வரை அது காத்திருப்பதில்லை. சிறைக்கதவு வரை தேடி வருகிறது.

ஒப்புரவு அருளடையாளத்தை அணுகப் பல ஆண்டுகளாகத் தயங்குகிறோமா? நமக்குத் தீங்கிழைத்த ஒருவரின் வீட்டு வாசலை மிதிக்க மறுக்கிறோமா? முதல் அடியை இன்றே எடுத்து வைப்போம்.