மல்லாட்டை சொல்லும் வரலாறு

திருவண்ணாமலைச் சீமையில் நிலக்கடலைக்கு ‘மல்லாட்டை’ என்று பெயர். ‘மணிலாக் கொட்டை’ என்பதன் திரிபு அது. தென்னமெரிக்காவில் பிறந்து, பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரைத் தாங்கி, நம் மானாவாரி நிலங்களில் வேரூன்றிய பயிர் அது. உலக வாணிகம் நம் உழவனுக்குப் புதிதன்று என்பதற்கு இப்பெயரே சான்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், திருவண்ணாமலை வட்டம் தென்னார்க்காட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அம்மாவட்டத்து நிலக்கடலை புதுச்சேரித் துறைமுகம் வழியாக பிரான்சின் மர்சேய் நகர ஆலைகளுக்குக் கப்பலேறியது. அங்கே எண்ணெயாகவும் சோப்பாகவும் மாறியது. 1896 செப்டம்பர் 1 அன்று இளைஞர் வேங்கடராமன், பின்னாளில் ரமண மகரிஷி, வந்திறங்கிய இருப்புப்பாதை, இவ்வூரைக் கடற்கரைச் சந்தைகளோடும் இணைத்திருந்தது. 1914-இல் உலகப்போர் மூண்டு கப்பல் போக்குவரத்து தடைப்பட்டபோது, அந்த ஏற்றுமதியும் சரிந்தது. எங்கோ நடந்த போரின் சுமை இங்குள்ள களத்துமேட்டில் இறங்கிற்று.

விடுதலைக்குப் பின் காட்சி மாறியது. 1986-இல் தொடங்கிய எண்ணெய்வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தால், 1990-களின் தொடக்கத்தில் நாடு சமையல் எண்ணெயில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டது. ஆனால் 1994-இல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அப்போது 65 விழுக்காடாக இருந்த தீர்வை, 1998-க்குள் 15 விழுக்காடாகக் குறைந்தது. 1995-இல் பிறந்த உலக வர்த்தக அமைப்பின் உடன்பாடு இதற்கு நம்மைக் கட்டாயப்படுத்தியதா? இல்லை. பாமாயிலுக்கு 300 விழுக்காடு வரை தீர்வை விதிக்க அது இடமளித்தது. சோயா எண்ணெய்க்கோ 45 என்ற குறைந்த வரம்பு இருந்தது. கதவை அகலத் திறந்தவை நம் அரசுகளே. பின்னர், 2010-இல் நடைமுறைக்கு வந்த ஆசியான் உடன்பாட்டின்படி, கச்சாப் பாமாயிலுக்கு 37.5, சுத்திகரித்ததற்கு 45 விழுக்காடு என உச்சவரம்புகள் படிப்படியாக இறங்கின. இன்று நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்தே வருகிறது.

இங்கு ஒரு தர்மசங்கடம் எழுகிறது. மல்லாட்டைக் கொல்லையில் களையெடுக்கும் கூலிப்பெண், மாலையில் நியாயவிலைக் கடைப் பாமாயிலில்தான் தாளிக்கிறார். 2007 முதல் குறைந்த விலையில் கிடைக்கும் அந்த எண்ணெய் அவருடைய அடுப்புக்கு ஆதரவு. அவர் வேலை செய்யும் கொல்லைக்கோ போட்டி. தீர்வையை உயர்த்தினால் அவருடைய சமையல் செலவு கூடும். தாழ்த்தினால் அவருடைய வேலை நாள்கள் குறையக்கூடும். 2022-இல் இந்தோனேசியா சில வாரங்கள் பாமாயில் ஏற்றுமதியைத் தடைசெய்தபோது, பிறரை நம்பிய அடுப்பின் நிலையையும் கண்டோம்.

வலிமையில் சமமற்ற இருவர் ஒப்புக்கொண்டதனாலேயே ஓர் உடன்பாடு நீதியாகிவிடாது என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1967-இல் ‘மக்களின் முன்னேற்றம்’ என்னும் சுற்றுமடலில் கற்பித்தார். உடன்பாட்டு மேசையில் எண்ணெய் நிறுவனத்தின் குரல் கேட்கிறது. ஆலை முதலாளியின் குரலும் கேட்கிறது. கூலிப்பெண்ணின் இரண்டு கணக்குகளையும், அவருடைய கூலியையும் எண்ணெய் விலையையும், ஒருசேர எடுத்து வைப்பவர் யார்? தீர்வை விகிதம் பற்றிய செய்தியைப் படிக்கும்போதெல்லாம் நாம் எழுப்பவேண்டிய வினா இதுவே.