ஒரு குச்சி வந்த வழி

பழைய வீட்டை வாங்கிக் குடிபோகிறவர்களுக்காகக் காம்பவுண்டு ஓரத்தில் பெரும்பாலும் ஒரு முட்புதர் காத்திருக்கும். மழைக்காலமானால் அதில் பூ இருக்காது. கரும்பச்சை இலைகள், மதிலைத் தாண்டித் தாறுமாறாக நீளும் கொம்புகள், கையைக் கிழிக்கும் முள், அவ்வளவுதான். தோட்ட வேலைக்கு வந்தவர் அரிவாளை எடுத்துக்கொண்டு, "வெட்டிப் போட்றலாமா சார்?" என்பார்.

வெட்டும் முன் ஒரு இளங்கொம்பைப் பிடித்துப் பாருங்கள். இலைக்காம்பு கொம்போடு சேரும் கக்கத்தில் ஒற்றை முள், நுனி லேசாக வளைந்து நிற்கிறதா? இலைகள் எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி வருகின்றனவா? அப்படியானால் அது அநேகமாகக் காகிதப்பூ. போகன்வில்லா என்று நர்சரியில் சொல்வார்கள். அந்த முள்ளும் சாதாரண முள் அல்ல. இலைக்கக்கத்தில் இருக்கும் மொட்டு பூங்கொத்தாகவும் மாறலாம், முள்ளாகவும் மாறலாம். உங்கள் புதரில் முள்ளாகவே நிற்கிறதென்றால், பூவாக வேண்டியது வழிமாறி நிற்கிறது என்று பொருள்.

பூத்துவிட்டால் குழப்பமில்லை. நாம் இதழ் என்று நினைக்கும் மூன்றும் இதழ்களே அல்ல, நிறம் மாறிய இலைகள். ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தால் நடு நரம்பும் கிளை நரம்புகளும் இலையில் போலவே ஓடுவது தெரியும். ஒவ்வொன்றின் நடு நரம்பிலும் மெல்லிய குழாய் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் வாயில் வெளிர்மஞ்சள் நட்சத்திரமாய் விரிவதுதான் உண்மையான பூ. உலர்ந்த பின்னும் எளிதில் மங்காத அந்த ஊதாச் சிவப்பு, பீட்ரூட்டில் இருக்கும் நிறமி வகையைச் சேர்ந்தது. நம் முற்றத்து அந்திமந்தாரையும், சாலையோரம் படர்ந்து கிடக்கும் மூக்கிரட்டையும் இதற்குப் பங்காளிகள். மூக்கிரட்டை இங்கே எப்போதும் இருந்தது. காகிதப்பூ கப்பலேறி வந்தது.

இதன் ஊர் தென் அமெரிக்கா. 1767ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உலகைச் சுற்றிவரக் கிளம்பிய பிரெஞ்சுக் கப்பல்கள் இரண்டு ரியோ டி ஜெனிரோ துறைமுகத்தில் சந்தித்துக்கொண்டன. தலைமை தாங்கியவர் போகன்வில். சரக்குக் கப்பலில் இருந்த தாவரவியலாளர் ஃபிலிபேர் கொமெர்சன், கால் புண்ணோடு அவதிப்பட்டுக்கொண்டிருந்தவர். அவருடன் 'உதவியாளன்' ஒருவன். உண்மையில் அது ஆண் வேடமிட்ட ழான் பாரே என்ற பெண். பெண்களுக்குக் கப்பலில் இடமில்லாத காலம் அது. பிறகு மகெல்லன் நீரிணையின் பனிமலைகளில் உணவையும் ஆயுதத்தையும் செடிகள் வைக்கும் அட்டைக் கட்டுகளையும் சுமந்துகொண்டு அவள் நடந்ததைப் போகன்வில்லே எழுதிவைத்திருக்கிறார். ரியோவில் கிடைத்த இந்தப் புதருக்குக் கொமெர்சன் தலைவர் பெயரை வைத்தார். புதரோடு தலைவருக்கு அதற்கு மேல் ஒரு சம்பந்தமும் இல்லை. தேடியவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், கொமெர்சன் 1773இல் மொரீஷியஸ் தீவில் இறந்துபோனார், தன் செடி அச்சேறியதைப் பார்க்கவில்லை. பாரே பின்னர் பிரான்ஸ் திரும்பி, உலகைச் சுற்றிவந்த முதல் பெண் என்ற பெயரைப் பெற்றார். அவர் நினைவாக ஒரு தாவரத்துக்கு நிலைத்த பெயர் வைக்க 2012 வரை ஆயிற்று. அது கத்தரி, சுண்டை வகையில் ஒரு காட்டுச்செடி.

பாரிசுக்குப் போய்ச்சேர்ந்தது காய்ந்த கிளைதான். 1789இல் தாவரவியலாளர் ஜுஸ்யூ தன் நூலில் அதை வெளியிட்டார். உயிருள்ள செடி ஐரோப்பாவின் கண்ணாடி வீடுகளில் பூத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். வெளியே வைத்தால் குளிரில் கருகிவிடும். ஆகவே அதற்கு ஏற்ற இடம் வெப்ப நாடுகளின் வெள்ளைக்காரர் தோட்டங்களாகவே இருந்தது. அந்த நூற்றாண்டின் பிற்பாதியில் கல்கத்தா வழியாக இந்தியாவுக்குள் வந்தது. இலையில் பூனைமயிர் படர்ந்தது ஒரு வகை, வழவழப்பான இலையும் சிறு முள்ளும் கொண்டது இன்னொன்று. நம் மதில்களில் இந்த இரண்டின் வாரிசுகளும், பெருவிலிருந்து வந்த மூன்றாவதன் கலப்புகளும் உண்டு.

கலப்புகளில் பெரிய பெயர் திருமதி பட். 1910இல் கொலம்பியாவின் கார்த்தஹேனாவில் ஒரு தோட்டத்தில் செக்கச்செவேலென்று இருந்த செடியை அந்தப் பெயருக்குரிய அம்மாள் டிரினிடாடுக்குக் கொண்டுபோனார். அதுவரை இருந்த ஊதாவுக்கும் செங்கல் நிறத்துக்கும் நடுவே புதிதாக ஒரு சிவப்பு. பின்னர் உலகெங்கும் பரவிய பல நிறங்களுக்கு மூலம் அதுதான்.

இந்தப் பயணத்தில் எனக்கு வியப்பானது தூரம் அல்ல, வந்த விதம். விதையை நம்பி வந்த செடியல்ல இது. நம் தோட்டங்களில் இதில் விதை பிடித்துப் பார்ப்பதே அபூர்வம். முருங்கையையும் பூவரசையும் போத்து வெட்டி நடுவதுபோல வெட்டி வெட்டித்தான் நட்டிருக்கிறார்கள். அப்படியென்றால் ஒரு ரகத்தின் செடிகள் எல்லாம் ஒரே செடி. 1949இல் கல்கத்தாவின் தோட்டக்கலைச் சங்கத் தோட்டத்தில், வேறொரு ரகத்தின் கிளையொன்று திடீரென்று வெள்ளையும் ஊதாவும் கலந்து பூத்தது. 'மேரி பாமர்' என்று பெயரிட்டார்கள். இன்று நர்சரியில் நீங்கள் வாங்கும் மேரி பாமர் அந்தக் கிளையின் நீட்சிதான். இப்படிப் புதுப் புது ரகங்கள் பெருகியதால் அவற்றுக்குப் பெயர்ப்பதிவு தேவைப்பட்டது. உலகத்துக்கே அதைச் செய்யும் பொறுப்பு டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம் இருக்கிறது.

தேசிய நெடுஞ்சாலையின் நடுத்திட்டுகளில் இது நிற்பதற்குக் காரணம் அழகு மட்டுமில்லை. புகையையும் வெக்கையையும் தாங்கும், மாடு எளிதில் வாய் வைக்காது, வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்கும். வீட்டில் வைத்துக் கெடுப்பவர்கள் பெரும்பாலும் பாசத்தால் கெடுக்கிறார்கள். தினமும் தண்ணீர், கூடை கூடையாகத் தொழுவுரம், மாடியறை நிழல். இலை மதமதவென்று வளரும், முள் நீளும், பூ மட்டும் வராது. நாள் முழுக்க வெயில் கிடைத்தால் நல்லது, குறைந்தது ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். மேல்மண் நன்றாகக் காய்ந்து, இலை லேசாகத் தொங்கும்போது நனைய நனைய ஊற்றி, மறுபடி காயவிடுங்கள். தொட்டி சிறிதாக, வேர் நெருங்கி நிற்பதே இதற்குப் பிடிக்கும். தழைச்சத்து குறைவான உரம் போதும்.

வேர் மெல்லியது, பட்டென்று அறும். நர்சரிக் கவரிலிருந்து செடியை உருவி எடுக்காதீர்கள். பிளேடால் கவரைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்குங்கள். புதுத்துளிரில்தான் பூ வரும் என்பதால், ஒரு பூப்பு முடிந்ததும் நீண்ட கொம்புகளைக் கழித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து, பகல் குறுகிக் கிடக்கும் தை மாதத்தில் ஆரம்பித்தால் சித்திரை வெயில்வரை கொட்டும். அதற்கு முன்பே அரிவாளோடு வந்த ஆளை அனுப்பிவிடுங்கள்.

மேரி பாமர் வைத்திருப்பவர்கள் சில நாள் ஓர் அதிசயத்தைப் பார்ப்பார்கள். ஒரு கிளை முழுக்க ஊதாவாகவே பூத்திருக்கும். நர்சரிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போக வேண்டாம், அந்தக் கிளை தன் தாய் ரகத்துக்கே திரும்பியிருக்கிறது. கலப்பு நிறம் வேண்டுமென்றால் அந்தக் கிளையை அடியோடு வெட்டிவிடுங்கள், இல்லையென்றால் வீரியமான அதுவே செடியைப் பிடித்துக்கொள்ளும். வெட்டியதை எறிய வேண்டியதில்லை. பென்சில் கனத்தில், முற்றிய தண்டாக ஒரு சாண் நீளம் நறுக்கி, ஆடி மழை ஈரத்தில் பாதி புதையும்படி நிழலில் நட்டால் அதுவும் தனிச்செடி. மேரி பாமரையே பெருக்க நினைத்தால் குச்சி எளிதில் வேர்விடாது. பதியம் போடுவதே நிச்சயம்.