பூயி கத்தியும் ரூம்மேட் அண்ணனும்

டெக்ஸஸ் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. போன மார்ச் மாசம் எங்க அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில், ராத்திரி பதினொரு மணிக்கு, என் ரூம்மேட் அண்ணனை ரெண்டு பேர் மறிச்சு பர்ஸையும் போனையும் பிடுங்கிட்டுப் போயிட்டாங்க. அடி உதை எதுவும் இல்லை. ஆனா மனுஷன் ஒரு வாரம் சரியா தூங்கலை. அடுத்த சனிக்கிழமையே கடைக்குப் போய் மூணரை இன்ச் மடக்குக் கத்தி ஒண்ணு வாங்கிட்டு வந்தார். பேண்ட் பாக்கெட்டில் கிளிப் போட்டு மாட்டிக்கிற வகை, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினா திறந்து லாக் ஆகும். "தம்பி, நீயும் ஒண்ணு வாங்கிக்கோடே. நம்மள நாமதான் பாத்துக்கணும்" என்றார். திருநெல்வேலிக்காரர், சொன்னா சொன்னதுதான்.

நான் பிரஷர் குக்கர் வாங்கவே நாற்பது ரிவ்யூ படிக்கிற ஜாதி. கத்தின்னா விடுவேனா? எந்த எஃகு நல்லது, எந்த லாக் வழுக்காது என்று ஆரம்பிச்சு, எங்கெங்கோ போய், கடைசியில் 1827-ல் வந்து நின்னேன். "தற்காப்புக்கு ஒரு கத்தி" என்ற ஆசையை அமெரிக்காவில் பரப்பினதில் ஒரு ஆளுக்குப் பெரிய பங்கு உண்டு. பேர் ஜேம்ஸ் பூயி. (எழுத்தைப் பார்த்து 'போவி'ன்னு படிச்சேன். ஆபீஸில் ஒரு டெக்ஸஸ்காரர் முகம் சுளிச்சு திருத்தினார்.)

பூயி லூசியானாவில் நிலம் வாங்கி விற்கிற ஆள். பாதி பத்திரம் போலி. அடிமை வியாபாரமும் செய்தவர். இந்த ஊரில் பள்ளிக்கூடம், தெரு எல்லாத்துக்கும் அவர் பேர் வச்சிருக்காங்க, அதனால இதையும் சொல்லிடறேன். நாரிஸ் ரைட் என்று ஒருத்தரோடு அவருக்குப் பகை. பூயி கேட்ட வங்கிக் கடன் கிடைக்காமல் போனதுக்கு ரைட்தான் காரணம். 1826-ல் ரைட் அவரைத் துப்பாக்கியால் சுட்டார், பூயி தப்பிச்சார். அந்த அடிதடியில் பூயி தன் மடக்குக் கத்தியைப் பல்லால் திறக்கப் பார்த்தார், அதுக்குள்ள ஆளுங்க பிரிச்சு விட்டுட்டாங்க என்று ஒரு கதை சொல்வாங்க. அதுக்கப்புறம்தான் மடக்காத பெரிய கத்தி ஒண்ணை உறையோடு இடுப்பில் கட்ட ஆரம்பிச்சார். கொடுத்தது அண்ணன் ரெஸின்.

1827 செப்டம்பர் 19. மிசிசிப்பி ஆற்றில், நாட்செஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மணல் திட்டு. வேற ரெண்டு பேருக்கு நடுவில் முறைப்படி துப்பாக்கிச் சண்டை. ரெண்டு பேரும் ரெண்டு ரெண்டு தடவை சுட்டாங்க, யார் மேலயும் படலை, கை குலுக்கிட்டாங்க. மேட்டர் முடிஞ்சது! ஆனா கூட வந்த ஆளுங்களுக்குள்ள பழைய பாக்கி நிறைய இருந்தது. அங்கே வெடிச்சது. பூயிக்கு இடுப்பில் குண்டு. சுட்டு முடிஞ்ச துப்பாக்கியைத் தூக்கி அவர் தலையில் எறிஞ்சாங்க. கீழே விழுந்தவரை ரைட் கைத்தடிக்குள் மறைச்சு வச்ச வாளால் மார்பில் குத்தினார். அது எலும்பில் சிக்கிக்கொண்டது. பிடுங்கக் குனிஞ்ச ரைட்டைப் பிடிச்சு இழுத்து, பூயி அந்தக் கத்தியைப் பாய்ச்சினார். ரைட் அங்கேயே செத்தார். வேறொருத்தர் குண்டு பட்டுச் செத்தார்.

இந்தச் சண்டை பேப்பர் பேப்பராகப் பரவியது. கேட்டவங்க எல்லாரும் "என்ன கத்தி அது?" என்று கேட்டாங்க. ஜெயிச்சவர் உடம்பு எத்தனை இடத்தில் ஓட்டை, தேறி எழ எத்தனை மாசம் ஆச்சு என்று யாரும் கேட்ட மாதிரி தெரியலை. நான் ரெண்டு மூணு தடவை திருப்பிப் படிச்சது இந்த இடம்தான். உலகத்திலேயே பேர் போன கத்திச் சண்டையில் ஜெயிச்சவனோட நிலைமை இது.

இன்னொரு விஷயம். அன்னைக்குக் கத்திக்கு வேலை இருந்ததுக்குக் காரணம் துப்பாக்கி. அந்தக் காலத்துக் கைத்துப்பாக்கி ஒரு தடவைதான் சுடும், அதுவும் மருந்து நமுத்துப்போனா புஸ்ஸுன்னு போயிடும். திரும்ப மருந்து இடிச்சு நிரப்புறதுக்குள்ள எதிராளி மேல வந்து விழுந்துடுவான். அந்த அரை நிமிஷத்துக்குத்தான் கத்தி.

அந்தக் கத்தி எப்படி இருந்தது? 1838-ல் ரெஸின் ஒரு பேப்பருக்குக் கடிதம் எழுதினார்: நான் வேட்டைக்காகச் செஞ்சது, நீளம் ஒன்பதே கால் இன்ச், அகலம் ஒன்றரை, ஒரு பக்கம்தான் கூர், வளைவே கிடையாது. அதாவது கறி வெட்டுற கத்திக்கு ஒண்ணுவிட்ட தம்பி. (நம்மூர் ஆயுதச் சட்ட விதிகளில் வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ இல்லாத கத்திக்கு எல்லை 9 இன்ச். ரெஸின் கத்தி கால் இன்ச்சில் மாட்டியிருக்கும்!) இன்னைக்கு 'பூயி கத்தி' என்று விற்கிறது நுனியில் வளைஞ்சு, குறுக்கே கைக்காப்பு வச்சது. அது சந்தை செஞ்ச கத்தி. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு கொல்லர்கள் அமெரிக்காவுக்குன்னே கப்பல் கப்பலா செஞ்சு அனுப்பினாங்க. தகட்டில் வீர வசனமெல்லாம் பொறிச்சு வரும். வோஸ்டன்ஹோம் என்ற முதலாளி தன் தொழிற்சாலைக்கே வாஷிங்டன் வொர்க்ஸ் என்று பேர் வச்சார். வாங்கினவங்க யாரும் மணல் திட்டில் நிக்கப் போறதில்லை. பயத்துக்கு வாங்கினாங்க, கெத்துக்கு வாங்கினாங்க.

எல்லார் இடுப்பிலும் கத்தி வந்தா என்ன ஆகும்? 1837 டிசம்பர் 4, ஆர்கன்சா சட்டசபை. சபாநாயகர் ஜான் வில்சனுக்கும் ஆண்டனி என்ற உறுப்பினருக்கும் வாய்த்தகராறு. ஓநாய் வேட்டைக்குச் சன்மானம் கொடுக்கிற மசோதா பற்றிய பேச்சில் ஆரம்பிச்சது. ரெண்டு பேரும் கத்தியை உருவினாங்க. சபைக்குள்ளேயே சபாநாயகர் உறுப்பினரைக் குத்திக் கொன்னார். சபையை விட்டு நீக்கினாங்க, கோர்ட் விடுதலை செஞ்சது. அதே வருஷம் அலபாமா இந்தக் கத்தி விற்பனைக்கு நூறு டாலர் வரி போட்டது. அன்னைக்கு நூறு டாலர்! 1838-ல் டென்னசி விற்கவே கூடாது என்றது.

எனக்குச் சிரிப்பு வந்தது டெக்ஸஸ் கதையில்தான். பூயி 1836 மார்ச் 6-ல் சான் அன்டோனியோ அலாமோ கோட்டையில், காய்ச்சலில் படுத்த படுக்கையா இருந்தபோது மெக்சிகோ படையால் கொல்லப்பட்டார். அதனால் இந்த ஊருக்கு அவர் குலசாமி மாதிரி. அதே டெக்ஸஸ் 1871-ல் சட்டம் போட்டு, பூயி கத்தியை இடுப்பில் கட்டிக்கிட்டுத் தெருவில் போறதைக் குற்றமாக்கியது. அது விலகினது 2017 செப்டம்பரில்! அதுக்குள்ள ரிவால்வர் வந்து, ஒரு தடவைக்கு ஆறு குண்டு என்றாகி, கத்தியோட அந்த அரை நிமிஷ வேலையே காணாமல் போயிருந்தது.

நம்ம பழைய படங்களில் கழுத்தில் கர்ச்சீஃப் கட்டின ரவுடி 'சடக்'னு திறப்பானே பட்டன் கத்தி, அதுக்கும் இதே கதிதான். 1950-களில் பத்திரிகையும் சினிமாவும் சேர்ந்து கிளப்பின பீதியில் 1958-ல் மத்திய சட்டம் வந்தது. அதில் ஒரு விதிவிலக்கு: ஒரு கை மட்டும் உள்ளவர் மூணு இன்ச் வரை வச்சுக்கலாம். யாரோ ஒரு புண்ணியவான் யோசிச்சிருக்கார். நியூயார்க்கில் மணிக்கட்டை உதறினா திறக்கிற கத்திக்கும் தடை இருந்தது. வேலைக்கு வச்சிருந்த சாதாரண மடக்குக் கத்தியைப் போலீஸ் உதறிப் பார்த்து, திறந்தா உள்ளே தள்ளினாங்க. 2019-ல்தான் எடுத்தாங்க.

அண்ணன் பாக்கெட்டில் இருக்கிற கிளிப் கத்தியோட மூதாதை 1981-ல் ஸ்பைடர்கோ கொண்டுவந்தது. அதுக்கு வச்ச பேர் 'வொர்க்கர்'. வேலைக்காரன்!

இதையெல்லாம் அலாமோ போற வழியில் நாலரை மணி நேரம் கார் ஓட்டிக்கிட்டே அண்ணன்கிட்ட சொன்னேன். அங்கே எதிரே ஒரு கடையில் குட்டி பூயி கத்தி சாவிக்கொத்து ஒண்ணு வாங்கினார். திரும்பும்போது மெதுவா சொன்னார்: "அன்னைக்கு இது எங்கிட்ட இருந்திருந்தா எடுத்திருப்பேன்டே. எடுத்திருந்தா நான் இங்க உக்காந்திருக்க மாட்டேன்." கொஞ்ச தூரம் ரெண்டு பேரும் பேசலை.

கத்தியை அவர் தூக்கிப் போட்டுடலை. அரிசி மூட்டையும் பார்சல் டப்பாவும் அதாலதான் திறந்துக்கிட்டிருந்தோம். ஊருக்குப் போறப்போ பாக்கெட்டில் மறந்து விட்டு, ஏர்போர்ட் செக்யூரிட்டியில் குப்பைத் தொட்டிக்குப் போச்சு. நான் வாங்கலை. பார்க்கிங்கில் அந்த மூலை லைட் ரொம்ப நாளா எரியலைன்னு லீசிங் ஆபீஸுக்கு மூணு மெயில் போட்டேன், போன வாரம் மாத்திட்டாங்க. ஆனாலும் ராத்திரி லேட்டா வந்தா காரை விட்டு இறங்குறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரு தடவை பாத்துட்டுத்தான் இறங்கறேன்.