காணாமல் போன 11 நாளும் தொண்டைமான் காலத்துச் சண்டையும்

மக்களே, யூனிக்ஸில் 'கால்' என்று ஒரு குட்டி நிரல் உண்டு. நடக்கிற கால் இல்லீங்க, காலண்டர் என்பதன் சுருக்கம். இப்போதைய லினக்ஸ்காரர்கள் பலர் இதைப் பார்த்தே இருக்க மாட்டாங்க. 2021-ல் வந்த டெபியன் 11-லிருந்து இது 'என்கால்' என்கிற தனிப் பொதிக்குள் போய் ஒளிஞ்சுக்கிச்சு. நாமாகத் தேடி நிறுவினால்தான் வரும். நிறுவியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, 1752 செப்டம்பரைக் கேட்டுப் பார்ப்பது. 1 செவ்வாய், 2 புதன், அடுத்த நாள் வியாழன்... தேதி 14! நடுவில் 11 நாளைக் காணோம்.

பிழை இல்லை. ஜூலியன் நாட்காட்டியிலிருந்து கிரிகோரியனுக்கு பிரிட்டன் மாறியது அன்றைக்குத்தான்.

இது எவ்வளவு பழசுன்னு பார்க்க, என் பழைய மடிக்கணினியில் சிம்எச் என்ற போலியாக்கியைப் போட்டு, அதுக்குள்ள 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பை ஏத்தினேன். பிடிபி-11 கணினிக்கு எழுதினது. 2002-ல் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸ் பதிப்புகளின் மூலநிரலைத் திறந்துவிட்டதால், உள்ளே போயும் படிக்கலாம்.

படிச்சா ஒரு அழகு தெரியுது. நிரல், இந்த வருஷ ஜனவரி 1-ன் கிழமையையும் அடுத்த வருஷத்து ஜனவரி 1-ன் கிழமையையும் ஒப்பிடுது. ஒரு கிழமை நகர்ந்தா சாதா வருஷம். ரெண்டு நகர்ந்தா லீப் வருஷம். ரெண்டும் இல்லைன்னா அது 1752தான், செப்டம்பருக்கு 19 நாள்! 366-ல் 11 போனா 355 நாள், அதனால அந்த வருஷம் அஞ்சு கிழமை நகரும். அவ்வளவுதான் கணக்கு.

சரி, இதுக்கும் நம்ம புதுக்கோட்டைக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு.

1751-52-ல் திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் முகமது அலி மாட்டிக்கிட்டிருந்தார். வெளியே சந்தா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும். முகமது அலிக்கும் ஆங்கிலேயருக்கும் தானியம், ஆடு மாடு என்று போய்ச் சேர்ந்தது நம்ம தொண்டைமான் சீமையிலிருந்து. அப்போது ஆண்டவர் விஜயரகுநாதராயத் தொண்டைமான் (1730-1769). திருச்சி மேலிருந்த அழுத்தத்தைக் குறைக்கத்தான் கிளைவ் ஆற்காட்டுக்குப் போனார்.

இங்கேதான் வில்லங்கம். பிரான்ஸ் 1582-லேயே மாறிட்டதால் பாண்டிச்சேரிக் காகிதம் புதுக் கணக்கு. சென்னைப்பட்டணத்துக் கும்பினிக் காகிதம் 1752 செப்டம்பர் வரை பழைய கணக்கு. ஒரே போர், ஒரே நாள், ரெண்டு தேதி! நம்மூர்ச் சரித்திரம் எழுதுறவங்க ரெண்டு பக்கக் காகிதத்தையும் அப்படியே அடுக்கினா, கடிதம் எழுதுறதுக்கு முன்னாடியே பதில் வந்த மாதிரி ஆயிடும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஆற்காட்டுக் கோட்டை மேல் சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் நடத்திய கடைசித் தாக்குதல் 1751 நவம்பர் 14 என்று ஆங்கில நூல்கள் சொல்லுது. அது முஹர்ரம் காலம் என்றும் சொல்லுது. ஹிஜ்ரி கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஹிஜ்ரி 1165 முஹர்ரம் 1, புதுக் கணக்கில் 1751 நவம்பர் 20. அப்போ நவம்பர் 14-ல் முஹர்ரம் எப்படி? 11-ஐக் கூட்டுங்க, நவம்பர் 25 வருது. சரியா முஹர்ரத்துக்குள்ள விழுது. ஆக அந்த 14 பழைய கணக்குத் தேதி.

இன்னொரு கண்ணியும் இருக்கு. 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி வருஷப் பிறப்பு மார்ச் 25. நாம 1751 பிப்ரவரி என்போம், அவங்க காகிதத்தில் அது 1750. 'கால்' இதைக் காட்டாது, 1751-க்கும் 12 மாசம் போட்டுக் காட்டும். இப்படி ஜனவரியில் தொடங்குவது சரித்திரம் அறியாத வேலை என்று அதன் கையேடே குறைகள் பகுதியில் ஒப்புக்குது. நேர்மையான ஆளுங்க!

நம்ம பஞ்சாங்கத்துக்கு இந்த ரகளை எதுவும் இல்லை. பிரஜோற்பத்தி போய் ஆங்கீரச வருஷம் வந்தது, ஒரு நாளும் தொலையலை. ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் ஐரோப்பியத் தேதியோடு தமிழ்த் தேதியையும் எழுதி வெச்சது எவ்வளவு பெரிய உதவி பாருங்க.

ஊர் வரலாறு எழுதும் நண்பர்களுக்குச் சுருக்கமா: கும்பினிக் காகிதத் தேதி 1752 செப்டம்பர் 2-க்குள் என்றால் 11 கூட்டுங்க (1700-க்கு முன்னாடி 10). ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரை என்றால் வருஷத்தையும் சோதிங்க. பிற்கால நூல் என்றால், ஆசிரியர் ஏற்கெனவே மாத்திட்டாரான்னு பார்த்துக்குங்க, ரெண்டு தடவை கூட்டிடாதீங்க. 'என்கால்' நிரலில் 'எஸ்' தேர்வோடு பிரான்சின் குறியைக் கொடுத்தா, அதே 1752 செப்டம்பர் முழுசா 30 நாளோடு வரும். பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பார்த்தா, அந்தப் போரில் ரெண்டு முகாமும் எந்தெந்தத் தேதியில் வாழ்ந்தாங்கன்னு கண்ணுக்கே தெரியும்.