செல்வத்துக்கு முன்னே வந்த முதுமை: நெய்யூர் வட்டாரத்தை முன்வைத்து

ஒரு நாட்டு மக்கள்தொகை மூப்படைவதற்கு நீண்ட ஆயுளே காரணம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. முதற்காரணம் அதுவன்று; பிறப்பு குறைவதே. தொற்றுநோய்கள் அடங்கும்போது முதலில் பிழைப்பவை குழந்தைகள். ஆகவே தொடக்கத்தில் மக்கள்தொகை இளமையடைகிறது. பின்னர் பிறப்பு வீதம் சரியவே வயதுக் கோபுரத்தின் அடிப்பகுதி ஒடுங்கி, முதியோர் பங்கு ஏறுகிறது. ஆயுள் நீட்சி இதை வலுவாகத் தூண்டுவது இறுதிக் கட்டத்தில்தான். ஜப்பான் இன்று அந்த நிலையில் இருக்கிறது. 65 வயதைக் கடந்தோர் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 ஆக உயர பிரான்சுக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. ஜப்பானுக்கு 1970 முதல் 1994 வரை 24 ஆண்டுகளே போதுமாயிருந்தன.

இதே பாதையைத் தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம் செல்வம் சேரும் முன்பே கடந்திருக்கிறது. அங்குள்ள நெய்யூரில் லண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவப் பணியை ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838இல் தொடங்கினார். நாகர்கோவிலில் அதே சங்கத்தின் மால்ட் தம்பதியர் அதற்கு முன்பே பெண்களுக்குப் பள்ளி நடத்தினர். 1956 வரை இப்பகுதி இன்றைய கேரளத்தின் தென்பகுதியோடு ஒரே ஆட்சியின் கீழ் இருந்தது. பெண் கல்வி, தாமதத் திருமணம், குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே இங்கே குடும்பத்தைச் சிறிதாக்கின. கட்டாயமோ பரிசுத் தொகையோ மட்டும் இதைச் சாதித்திருக்க முடியாது. இன்று நெய்யூர் மருத்துவமனை புற்றுநோய் சிகிச்சைக்கும் பெயர் பெற்றது. வயது முதிர்ந்த சமூகத்தின் நோய் அது.

2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 18,70,374. ஆறு வயதுக்குட்பட்டோர் 1,82,350, அதாவது பத்தில் ஒருவருக்கும் குறைவு. அகில இந்திய அளவில் இது 13 விழுக்காட்டுக்கு மேல். ஆறு வயதுக்குட்பட்டோரில் 1,000 ஆண்களுக்குப் பெண்கள் 964 பேரே. எல்லா வயதினரையும் சேர்த்தாலோ 1,019. பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதும், ஆண்கள் வேலை தேடி வெளியே போவதும் இந்த வேறுபாட்டுக்குக் காரணங்கள். வளர்ந்த நாடுகள் பல உழைக்கும் வயதினரை வெளியிலிருந்து வரவழைத்துக்கொள்கின்றன; இம்மாவட்டமோ அவர்களை வளைகுடாவுக்கு அனுப்புகிறது. மக்கள்தொகை மாற்றத்தை விளக்கும் பாடநூல் வரைபடங்கள் பெரும்பாலும் கவனிக்காத இடம் இதுதான். மகன் பணம் அனுப்புகிறான். வீட்டில் தனித்திருக்கும் தாயை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஆளில்லை. விடியுமுன் ரப்பர்த் தோட்டத்தில் இறங்கிப் பால்வெட்ட வேண்டிய இளைஞனும் ஊரில் இல்லை.

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2011இல் 10.4 விழுக்காடு. 2031இல் 18.2 ஆகும் என்பது அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அதே ஆண்டில் 20.9. பிறப்பைக் கூட்டச் சொல்லும் அறைகூவல் இதற்குத் தீர்வாகாது. இன்று பிறக்கும் குழந்தை உழைப்புச் சந்தைக்கு வர இருபது ஆண்டுகள் ஆகும். அதுவரை அதுவும் பராமரிக்கப்பட வேண்டியதே. பிரான்சுக்கு ஓய்வூதிய முறையைக் கட்டியெழுப்பப் பல பத்தாண்டுகள் கிடைத்தன. தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகையோ 2023இல்தான் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆயிற்று. ஒரு முதியவரின் மருந்துச் செலவுக்குக்கூட அது போதாது.