சுருவில் வீட்டுப் படங்களின் வரிசைக்கிரமம்

ஒல்லாந்தர் 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், தம் தேசத்து நகரங்களின் நாமங்களை எங்கள் தீவுகளுக்குச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று, காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று, வேலணை, சரவணை, நாரந்தனை, கரம்பொன், சுருவில், ஊர்காவற்றுறை முதலிய ஊர்களைத் தன்னகத்தே கொண்ட எங்கள் தீவு லைடன் ஆயிற்று. அந்த மூல லைடன் நகரத்துச் சர்வகலாசாலையிலே பயின்ற கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்னும் விஞ்ஞானி, 1659இல், கண்ணாடியில் தீட்டிய சித்திரத்தை விளக்கொளியும் வில்லையும் கொண்டு சுவரிலே பெரிதாக விழச் செய்யும் கருவியொன்றுக்காக, ஒரு தாளில் சிறு உருவங்கள் பத்தினை வரைந்து வைத்தார். எலும்புக்கூடு ஒன்று தன் தலையோட்டைத் தானே கழற்றிக் கையிலெடுப்பதே அவ்வுருவங்களின் விஷயம். படங்களைக் கிரமமாக நிறுத்தி ஒளியிலே காட்டுதல் என்னும் கலையின் ஆதி ஏடுகளில் ஒன்றான அது மரணத்தைப் பற்றியதாக இருந்தது என்பதை, இன்று சுருவிலில் ஓர் இளைஞன் மடிக்கணினியின் முன்னமர்ந்து இறந்துபோன தன் பெரியவரின் புகைப்படங்களை வரிசைப்படுத்தும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.

ஏனெனில் எங்கள் பகுதியில் ஒருவருடைய வாழ்வை முதலிலிருந்து முடிவுவரை அடுக்கிப் பார்க்கும் சந்தர்ப்பம் பெரும்பாலும் அவர் இறந்த முப்பத்தோராம் நாளான அந்தியேட்டியன்றே வாய்க்கிறது. அந்த அடுக்குக்குக் கணினிக்கும் புகைப்படத்துக்கும் முந்திய ஒரு மரபு உண்டு, அதுதான் கல்வெட்டு. வெளியூரார் இச்சொல்லைக் கேட்டால் கோயிற் சுவரை நினைப்பர். யாழ்ப்பாணத்தாருக்கோ அது அந்தியேட்டியன்று சபையில் வாசிக்கப்பெறும் இரங்கற் பிரபந்தமும், அதனை அச்சிட்ட சிறு புத்தகமும் ஆகும். கடவுள் வணக்கம், ஊர்ச்சிறப்பு, குலமரபு, ஜனனம், கல்வி, விவாகம், மக்கட்பேறு, உத்தியோகம் அல்லது வியாபாரம், பிணி, மரணம் என்று நடந்து, இறந்த திதியை நிர்ணயிக்கும் வெண்பாவும், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல், மருமக்கள் புலம்பல் என உறவின் அண்மையைப் பொறுத்து அடுக்கப்பட்ட பாக்களும் கொண்டு அது அமையும். யார் முன்னே, யார் பின்னே என்பதில் பிழை நேர்ந்தால் சபையிலேயே மனத்தாங்கல் உண்டாகும் என்பதைப் பாடிக்கொடுத்த புலவர் நன்கறிவார்.

கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டும் இதற்கு முற்றிலும் அந்நியமானதன்று. முதலாம் இராசராசன் காலத்திலே தோன்றிய மெய்க்கீர்த்தி, அரசனின் வெற்றிகளை நிகழ்ந்த ஒழுங்கிலே சொல்லி, ஆட்சியாண்டு ஏற ஏறப் புதிய வெற்றியைப் பழையதன் பின் சேர்த்துக்கொண்டு வளர்ந்தது. அவ்வாறு வளர்ந்தமையாலேயே சரித்திரக்காரர் எந்த யுத்தம் எந்த யாண்டுக்குள் முடிந்தது என்று கணிக்க முடிந்தது. வேந்தனுக்குச் செய்ததைப் பிற்காலத்தில் சுருவிலில் ஒரு கடைக்காரருக்கும் செய்தோம் என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாண நகரில் லாட்டன் என்ற பெயருடைய புகைப்பட நிலையம் தொழில் நடத்தியது. ஆயினும் தீவாருக்குப் புகைப்படம் நெடுங்காலம் தூரதேசத்துப் பொருளாகவே இருந்தது. கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை வைத்திருந்த ஆடவர், அங்குள்ள ஸ்டூடியோவில் திரைச்சீலைக்கு முன் நாற்காலியில் அமர்ந்து எடுத்து ஊருக்கு அனுப்பிய ஒன்றிரண்டே வீட்டில் இருந்தன. உயிருடன் ஒருபோதும் படம் எடுத்திராத ஆச்சிக்கு முதற்படம் எடுக்கப்பட்டது அவர் பிரேதமாகக் கிடந்த அன்று என்பது பல வீடுகளில் உண்மை. தலைமாட்டில் மூத்த மகன், அருகே மற்றப் பிள்ளைகள், பின்னே மருமக்கள், காலடியில் பேரப்பிள்ளைகள் என நின்ற அந்தப் படம், கல்வெட்டின் புலம்பல் வரிசையை உடம்புகளால் எழுதியது போன்றது. எண்பதுகளில் பிள்ளைகள் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போகத் தொடங்கியபின், செத்தவீடு முழுவதும் வீடியோ நாடாவில் பதிந்து அனுப்பப்பட்டது.

பின்பு 1990 ஆகஸ்டு வந்தது. யுத்தத்தினிடையே இராணுவம் தீவில் இறங்க, ஊர்கள் வெறுமையாயின. உடுபுடைவையும் காணியுறுதியும் எடுத்துக்கொண்டு போனவர்கள் அல்பத்தை எடுக்கவில்லை. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்றே எண்ணினர். கூரை இழந்த வீடுகளில் உப்புக்காற்றும் கறையானும் செய்தது போக, இன்று எஞ்சியிருப்பவை முன்னமே தபாலில் வெளியே போன பிரதிகள்தாம். எனவே ஒரு சுருவில் மனிதரின் படங்கள் ரொறன்ரோவில் ஒரு பெட்டியிலும், பாரிஸில் ஒரு சுவரிலும், கொழும்பில் ஓர் அலுமாரியிலும் சிதறிக் கிடக்கின்றன.

இவற்றை மீண்டும் ஓரிடத்திற் கூட்டும் உபகாரத்தைத்தான் படக்காட்சி மென்பொருள் செய்கிறது. 1961இல் கொடாக் நிறுவனம் வெளியிட்ட சுழல்தட்டுக் கருவி எண்பது சிலைடுகளை ஏற்றது. 2000இல் விண்டோஸுடன் வந்த மூவி மேக்கர் அவ்வேலையை வீட்டுக் கணினிக்குள் கொண்டுவந்தது. ஸ்டூடியோக்காரர் புரோஷோ என்னும் மென்பொருளை விரும்பினர். கோப்புகளை உள்ளே சேர்ப்பது ஒரு நொடி வேலை. சங்கடம் அதன் பின்னேதான். கணினி தானாக அடுக்கினால் ஒன்று பெயரால் அடுக்கும், அல்லது திகதியால் அடுக்கும். பெயரால் அடுக்கும் சில மென்பொருள்களில் 1க்குப் பின் 10 வந்து, 2 பின்தங்கி நிற்கும். அதனால் அனுபவசாலிகள் 001, 002 என்றே இலக்கமிடுவர். திகதியோ இன்னும் மோசம்: 1958இல் எடுத்த படத்துக்குக் கணினி அறிந்த திகதி, சென்ற மாதம் அதை ஸ்கேன் செய்த திகதி; வாட்ஸ்அப்பில் வந்த படமோ வந்துசேர்ந்த நாளையே தன் பிறந்தநாளாகக் காட்டும்.

அண்மையில், மீளக் குடியேறிய ஒரு சுருவில் வீட்டில் அத்தகைய அடுக்கல் நடந்தபோது நான் உடனிருந்தேன். இறந்தவரின் தங்கையார் பாயில் அமர்ந்திருக்க, அவருடைய பேரன் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தான். காட்சியுடன் ஒலிக்கவேண்டிய பாடல் மூன்று நிமிடம் இருபது விநாடி. படத்துக்கு ஐந்து விநாடியாக நாற்பது இடங்கள். ஒரு படம் விளிம்பு அலையலையாக வெட்டப்பட்டது. பின்புறத்தில் அல்பத்தின் கறுப்புத்தாள் பிய்ந்து ஒட்டியிருந்ததையும் யாரோ அக்கறையுடன் ஸ்கேன் செய்து அனுப்பியிருந்தனர். பேரன் அதை 1958ஆம் ஆண்டுக் கலியாணப் படத்துக்கு அடுத்ததாக வைத்தான்.

“இல்லைத் தம்பி, மச்சாளின்ர கழுத்தைப் பார். மஞ்சள் கயிறுதான் கிடக்கு. அண்ணை கடைக்கு முதல் போட எண்டு கொடியை அடைவு வைச்சது எழுபத்தொண்டில. இது அதுக்குப் பிறகு” என்றார் அவர். படம் பதின்மூன்று ஆண்டு நகர்ந்தது. கணினியில் எங்குமே எழுதப்படாத திகதி அது. அறிந்தவர் அவர் ஒருவரே. இத்தகையோர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று நான் எல்லா வீடுகளிலும் மன்றாடிச் சொல்லி வருகிறேன். 2005இல் ஆரம்பித்த நூலகம் எண்ணிம நூலகத்தார் நினைவு மலர்களையும் கல்வெட்டுகளையும் சேகரித்துப் பாதுகாத்து வருவதால், அச்சேறியது ஓரளவு பிழைத்திருக்கிறது. இந்தக் கழுத்துக் கயிற்றுச் செய்தி எதில் அச்சேறியிருக்கும்?

இருபத்திரண்டாவது படம் 1990 தைப்பொங்கலன்று இதே முற்றத்தில் எடுத்தது. அதற்கடுத்து இருந்தது 1996இல் கொழும்பில் எடுத்த கடவுச்சீட்டுப் படம். நடுவில் ஒன்றுமில்லை. பார்ப்பவருக்குத் திடுக்கென்று இருக்கும் என்று எண்ணிய பேரன், பிந்திய படமொன்றைக் கொண்டுவந்து அங்கே நிரப்பப் பார்த்தான்.

“வேண்டாம் ராசா, அதைச் சும்மா விடு. அந்த ஆறு வரியமும் எங்களுக்குப் படம் இல்லை.”

அவன் சிறிது நேரம் பேசாதிருந்து, வெறுங் கறுப்புப் படமொன்றை உண்டாக்கி, அதற்கும் மற்றவற்றைப் போலவே ஐந்து விநாடி கொடுத்து, 023 என்று இலக்கமிட்டுச் சேமித்தான்.